சங்கும் சிப்பியும் அருங்காட்சியக மாதிரியாகும் வழி: சேகரிப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹியூ கமிங் என்னும் ஆங்கிலேயர் 1865-இல் லண்டனில் இறந்தபோது, தென்னமெரிக்கக் கரைகளிலும் பசிபிக் தீவுகளிலும் பிலிப்பைன்ஸிலும் பல ஆண்டுகள் அலைந்து அவர் சேர்த்த ஏறத்தாழ 83,000 சங்கு, சிப்பி, நத்தை ஓடுகள் அவரிடம் இருந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மறு ஆண்டே அவற்றை 6,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. தட்டுகளைத் திறந்த முற்றத்தின் வழியே கொண்டுபோகும்போது அடித்த காற்றில் சீட்டுகள் பறந்து இடம் மாறிவிட்டன என்றொரு கதை சங்கு ஆய்வாளர்களிடையே இன்றும் வழங்குகிறது. காற்றின் மீது எவ்வளவு பழி போடலாம் என்பது ஒருபுறம் இருக்க, இடக்குறிப்பு எழுதுவதில் கமிங் அத்தனை கவனம் காட்டவில்லை என்பதால், அவருடைய ஓடுகளை வைத்துப் புதிய இனங்களை விவரித்தவர்களும் அவர்களுக்குப் பின்வந்தவர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அழகாக இருப்பதால் ஓர் ஓடு அருங்காட்சியக மாதிரியாகிவிடுவதில்லை. எங்கே, எப்போது, எந்தச் சூழலில், யாரால் எடுக்கப்பட்டது என்னும் செய்தி அதோடு ஒட்டியிருந்தால்தான் அது ஆய்வுக்கு உதவும். கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் ஓட்டைக் காப்பதற்காகவும், அந்தச் செய்தி ஓட்டை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்வதற்காகவும் வகுக்கப்பட்டவை. விலங்கியல் மாணவர்களையும், வீட்டில் சிறு சேகரிப்பு வைத்திருப்பவர்களையும், கல்லூரி அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களையும் மனத்தில் கொண்டு, தமிழகக் கடற்கரையை எடுத்துக்காட்டாக வைத்து இதை எழுதுகிறேன்.

முதற்படி: எதை எடுக்கலாம் என்று அறிதல்

இந்தியாவில் இருப்பவர் கடலில் இறங்குவதற்கு முன் சட்டத்தைப் படிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001 ஜூலையில் 24 மெல்லுடலி இனங்கள் சேர்க்கப்பட்டன. கேசிஸ் கார்னூட்டா என்னும் பெரிய கொம்புச் சங்கு, கரோனியா டிரைட்டோனிஸ், நாட்டிலஸ், டிரைடாக்னா என்னும் பெருஞ்சிப்பியின் இரண்டு இனங்கள், ஐவிரல் சங்கு என்று கடைகளில் விற்கப்படும் லாம்பிஸ் பேரினத்தின் பல இனங்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். 2022-இல் நிறைவேறிய திருத்தம் அட்டவணைகளையே மாற்றி அமைத்துவிட்டதால், பழைய கையேடுகளில் உள்ள அட்டவணை எண்களை நம்பாமல் இன்று நடப்பில் உள்ள பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில், வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. செத்த ஓடுதானே என்ற சமாதானம் அங்கே செல்லாது. தாத்தா காலத்துப் பெருஞ்சிப்பி வீட்டில் இருந்தால் அதை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ முனையாமல், வனத்துறையிடம் கேட்டு அதன்படி நடப்பதே நல்லது.

இரண்டாம் படி: சேகரித்தல்

தொடங்குபவருக்கு மிகச் சிறந்த இடம் மீன் இறங்குதளம். காசிமேட்டிலோ தூத்துக்குடியிலோ இழுவலைப் படகுகள் மீனைப் பிரித்தெடுத்த பிறகு ஒதுக்கிவிடும் கழிவுக் குவியலில், கரையில் நடந்து ஆண்டுக்கணக்கில் தேடினாலும் கிடைக்காத ஆழ்நீர் இனங்கள் கிடைக்கும். ஆனால் அங்கே எடுக்கும் ஓட்டுக்கு 'காசிமேடு' என்று மட்டும் எழுதினால் அது பொய்த் தகவலுக்கு ஒப்பாகும், ஏனெனில் அந்த உயிர் காசிமேட்டில் வாழவில்லை. படகோட்டியிடம் எந்தத் திசையில், எத்தனை மணி நேர ஓட்டத்தில், எத்தனை பாகம் ஆழத்தில் வலை இழுத்தார்கள் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். மீட்டராக மாற்றிய எண்ணை அதன் பக்கத்தில் தனியே எழுதலாமே தவிர, முதலில் கேட்டதை அழித்துவிடக் கூடாது.

கரையில் ஒதுங்கிய ஓடுகளும் பயனுள்ளவைதான். ஆனால் அலை உருட்டித் தேய்த்த ஓட்டையும் உயிரோடு பிடித்த மாதிரியையும் ஒன்றாகக் கலக்காமல், 'இறந்த நிலையில் எடுத்தது' என்றும் 'உயிருடன் எடுத்தது' என்றும் குறிக்க வேண்டும். நண்டு குடியேறிய ஓட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். உயிருள்ள கூம்புச் சங்குகளை வெறுங்கையால் தொடவே கூடாது. அவை நஞ்சு தோய்ந்த பல்லை அம்பு போல எய்பவை. கோனஸ் ஜியோகிராபஸ் என்னும் இனத்தின் கொட்டால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

ஒரே இடத்தில் ஒரே நாளில் ஒரே முறையில் எடுத்த ஒரே இனத்தின் ஓடுகள் அனைத்தையும் சேர்த்து அருங்காட்சியகத்தார் ஒரு 'லாட்' என்பார்கள். பதிவெண் ஒரு லாட்டுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. அதில் ஓர் ஓடும் இருக்கலாம், முந்நூறும் இருக்கலாம். ஆகவே களத்திலேயே ஓர் இடத்து ஓடுகளை ஒரு பையில் போட்டு, அந்தப் பைக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றைப் போட்டுவிட வேண்டும். பையின் வெளிப்புறத்தில் பேனாவால் எழுதியது வீடு வந்து சேர்வதற்குள் ஈரத்தில் கரைந்துவிடும்.

மூன்றாம் படி: உள்ளுடலை நீக்குதல்

உயிருடன் எடுத்த மாதிரிக்கு வெந்நீர் காட்டுவதற்கு முன் பாதத் தசையில் அரிசி அளவு ஒரு துண்டு வெட்டி, 95 விழுக்காடு எத்தனாலில் போட்டு, அதே லாட் எண்ணோடு குளிரில் வைத்துவிடுங்கள். கொதித்த தசையிலிருந்து நல்ல மரபணு கிடைப்பது அரிது. உடல் முழுவதையும் காக்க விரும்பினால் 70 முதல் 80 விழுக்காடு எத்தனால் போதும். ஃபார்மலின் நாள்பட அமிலத்தன்மை பெற்றுச் சுண்ணாம்பாலான ஓட்டை அரித்துவிடும். எனவே ஓட்டோடு கூடிய மாதிரியை அதில் நெடுநாள் வைக்கலாகாது.

ஓடு மட்டும் தேவை என்றால், தடித்த ஓடுகளைத் தண்ணீரில் இட்டுச் சிறிது சிறிதாகச் சூடேற்றிச் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். பிறகு வளைந்த ஊசியால் உடலைச் சுழற்றிச் சுழற்றி இழுத்தால் முழுதாக வந்துவிடும். சோழிக்கும் பளபளப்பான பிற ஓடுகளுக்கும் இந்த முறை ஆகாது, ஏனெனில் திடீர் வெப்ப மாற்றத்தில் அவற்றின் மெருகில் மயிரிழைக் கீறல்கள் விழும். அவற்றைக் குளிர்பெட்டியின் உறைநிலையில் இரண்டு மூன்று நாள் வைத்து, மெல்ல உருகவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, தேவைப்பட்டால் திரும்பவும் அவ்வாறே செய்யலாம். மணலில் புதைத்துவைத்து எறும்பும் அழுகலும் வேலையை முடிக்கட்டும் என்று விடுவது பழைய வழக்கம். ஆனால் அழுகும் சதையில் உண்டாகும் அமிலங்கள் ஓட்டின் நிறத்தையும் மெருகையும் கெடுத்துவிடுகின்றன.

சுருள் ஓட்டின் வாயை அடைக்கும் மூடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இனம் பிரிப்பதற்கு அது பல நேரங்களில் ஓட்டுக்குச் சமமான சான்று. காய்ந்த பிறகு அதை ஓட்டுடனேயே சிறு உறையில் இட்டு வைக்க வேண்டும். இருபுறச் சிப்பியானால் இரண்டு மடல்களையும் மூடிய நிலையில் நூலால் கட்டிக் காயவைத்தால் கீல்நார் உடையாமல் உலரும். ஒரே லாட்டில் பல இருந்தால் ஒன்றைத் திறந்தபடி உலர்த்துங்கள். உட்புறத் தசைத்தழும்புகளையும் கீல்பற்களையும் பார்க்காமல் சிப்பியின் இனத்தைச் சொல்ல முடியாது.

நான்காம் படி: கழுவுதல், உலர்த்துதல்

இந்தப் படியில் செய்ய வேண்டியதைவிடச் செய்யக் கூடாததே மிகுதி. ஓட்டில் தங்கிய கடலுப்பு பின்னாளில் வரும் கேட்டுக்கு வழிவகுக்கும் என்பதால், நன்னீரில் ஊறவைத்துப் பலமுறை நீரை மாற்ற வேண்டும். மென்மையான பல்துலக்கித் தூரிகை போதும். சுற்றுலாக் கடைகளுக்குப் போகும் சங்குகளை அமிலத்தில் முக்கி மேற்படலத்தை உரித்து மெருகேற்றுவார்கள். அப்படி ஆன ஓடு அலமாரிக்கு அணியாகலாம், ஆய்வுக்கு உதவாது. வெளுப்புத்தூள் கரைசலும் ஓட்டின் மேல்தோலைத் தின்றுவிடும். பழுப்பாகவும் மயிர் மயிராகவும் தோன்றும் அந்த மேல்தோல் அழுக்கன்று, உயிரின் உறுப்பு. எண்ணெய், வார்னிஷ் எதுவும் பூசக் கூடாது. நிழலில் உலர்த்துங்கள், வெயில் நிறத்தை வெளிறச் செய்யும்.

ஐந்தாம் படி: சீட்டு எழுதுதல்

இதுவரை கை வேலை. இனி வருவது உயிர்நிலையான வேலை. ஒரு சீட்டில் குறைந்த அளவு இருக்க வேண்டியவற்றைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டின் வழியே காட்டுகிறேன்.

பாபிலோனியா ஸ்பைராட்டா (லின்னேயஸ், 1758)
இந்தியா, தமிழ்நாடு, செங்கல்பட்டு மாவட்டம், கோவளம். மீனவர் குடியிருப்புக்கு எதிரே கரைவலையில் கிடைத்தது
12.79° வடக்கு, 80.25° கிழக்கு (± 1 கி.மீ.)
மணற்பாங்கான அடித்தளம், ஆழம் ஏறத்தாழ 3 பாகம் (மீனவர் கூற்று)
14 பிப்ரவரி 2024, உயிருடன், 6 ஓடுகள், மூடிகளுடன்
சேகரித்தவர் பெயர், இனம் கண்டவர் பெயர், ஆண்டு
லாட் எண் 0047

தேதியை 14-2-24 என்று எண்களாக மட்டும் எழுதாமல் மாதத்தைச் சொல்லால் எழுதுவது ஏன் என்றால், நாளை முன்வைக்கும் நாட்டில் எழுதிய சீட்டை மாதத்தை முன்வைக்கும் நாட்டில் படிப்பவர் தவறாகக் கொள்ள இடமுண்டு. ஆண்டின் கடைசி இரண்டு எண்களைப் பார்த்து எந்த நூற்றாண்டு என்று பின்னாளில் யாரும் ஊகிக்க நேரக் கூடாது. கோவளம் என்று மட்டும் எழுதினால் கேரளத்துக் கோவளமா, குமரி மாவட்டத்துக் கோவளமா, சென்னைக்குத் தெற்கே உள்ளதா என்று தெரியாது. அட்ச, தீர்க்கக் கோடுகளைக் கைப்பேசி ஆறு தசம இடங்கள் வரை காட்டும். மீனவர் சொல்லக் கேட்டு எழுதிய இடத்துக்கு அத்தனை துல்லியம் காட்டுவது நேர்மையன்று. எவ்வளவு பிசகியிருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுவதே முறை.

சீட்டுக்கு அமிலமற்ற காகிதமும் கரிமை மையும் வேண்டும். பந்துமுனைப் பேனா மை மங்கும். கடைகளில் ரசீது அச்சிடும் வெப்பத்தாள் சில ஆண்டுகளில் வெறுந்தாளாகிவிடும். எத்தனாலில் இடும் சீட்டுக்குப் பென்சில் நம்பகமானது. பிற்காலத்தில் யாரேனும் இனப்பெயரைத் திருத்தினால் பழைய சீட்டை எடுத்துவிடாமல் புதியதை அதன் கூடவே வைக்க வேண்டும். நூறாண்டுப் பழமையான ஒரு தட்டில் நான்கு கையெழுத்துகளில் நான்கு சீட்டுகள் அடுக்கியிருப்பதைக் கண்டால், அது ஒழுங்கீனம் என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். அந்தக் கையெழுத்தைக் கொண்டே சேகரித்தவரை அடையாளம் கண்ட நிகழ்வுகள் உண்டு.

ஆறாம் படி: இனம் காணுதல்

தமிழகக் கரைக்கு நல்லதொரு தொடக்கம், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் எஸ். டி. சத்தியமூர்த்தி குருசடைத் தீவின் மெல்லுடலிகளைப் பற்றி எழுதி, அந்த அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் 1952-இலும் 1956-இலும் வெளியான இரண்டு பகுதிகள். அவற்றில் உள்ள பெயர்கள் பல இன்று மாறிவிட்டன. எனவே அங்கே கண்ட பெயரை மொலஸ்காபேஸ் என்னும் இணையத் தரவுத்தளத்தில் இட்டு இன்று ஏற்கப்படும் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்த இனம் முதலில் வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டது என்று பொருள். சங்கின் பெயர் டர்பினெல்லா பைரம் (லின்னேயஸ், 1767) என்று எழுதப்படுவது இதனால்தான். லின்னேயஸ் அதை வொலூட்டா என்னும் பேரினத்தில் வைத்திருந்தார். அடைப்புக்குறியை அழகுக்காகப் போடுவதோ விடுவதோ பிழை.

சங்கு என்றதும் தமிழர் ஒருவருக்கு நேரக்கூடிய குழப்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஓட்டின் உச்சி மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் இருக்கப் பிடித்தால், வாய் வலப்புறம் இருப்பது அறிவியலில் வலஞ்சுழி, இடப்புறம் இருப்பது இடஞ்சுழி. நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கு இந்தக் கணக்கில் இடஞ்சுழி. மலிவாகக் கிடைக்கும் இடம்புரிதான் வலஞ்சுழி. இரண்டு மரபும் தத்தம் அளவில் சரியானவையே. சீட்டில் 'வலம்புரி' என்று எழுதுவதானால் 'வாய் இடப்புறம்' என்பதையும் சேர்த்து எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாற்றுவோரும் உண்டு: அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் பியூசிகான் வகைச் சங்குகளில் சில இயல்பாகவே இடஞ்சுழியாக வளர்பவை, அவற்றைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள்ளே நடுத்தண்டைப் பாருங்கள். டர்பினெல்லாவில் மூன்று அல்லது நான்கு தெளிவான மடிப்புகள் இருக்கும். பியூசிகானில் அந்த மடிப்புகள் இரா.

ஒளிப்படம் எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. வாய்ப்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று என அளவுகோலோடு எடுத்து, மென்பொருள் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டிவிடவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல் கூம்புச் சங்கு ஒன்றைச் செப்புத் தகட்டில் பொறித்தபோது, கையொப்பத்தை மட்டும் திருப்பிப் பொறித்துச் சங்கை அப்படியே விட்டுவிட்டதால், அச்சில் அந்தச் சங்கு இடஞ்சுழியாகிவிட்டது.

ஏழாம் படி: எண்ணிடுதல், பதிவேடு

சீட்டு தொலைந்தாலும் ஓடு தன்னை அடையாளம் காட்டும்படி பதிவெண்ணை ஓட்டின் மேலேயே எழுத வேண்டும். வாயின் ஓரத்தில், இனம் காணத் தேவைப்படாத இடத்தில், பேரலாய்டு பி-72 என்னும் பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிய பூச்சிட்டு, காய்ந்ததும் கரிமையால் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சிடுவது வழக்கம். தேவைப்பட்டால் அசிட்டோன் கொண்டு முழுதும் நீக்கிவிடலாம். கடுகளவு ஓடுகளைக் கண்ணாடிக் குப்பியிலோ ஜெலட்டின் உறையிலோ இட்டு எண்ணை உள்ளே வையுங்கள்.

பதிவேடு கட்டுப்போட்ட புத்தகமாக ஒன்றும், கணினி அட்டவணையாக ஒன்றும் இருக்கட்டும். அட்டவணையின் தலைப்புகளை டார்வின் கோர் என்னும் பொதுத்தரத்தின்படி அமைத்தால், பின்னாளில் உலகத் தரவுத்தளங்களோடு இணைப்பது எளிது.

எட்டாம் படி: அலமாரியும் பைன் நோயும்

நன்றாகக் கழுவிச் சீட்டிட்டு அழகான மர இழுப்பறைகளில் அடுக்கிய ஓடுகள் சில ஆண்டுகளில் வெண்பொடி பூத்து, தொட்டால் உதிர்ந்து, மெருகழிந்து போவதைப் பழைய சேகரிப்புகளில் காணலாம். லாஃப்டஸ் பைன் என்னும் ஆங்கிலேயர் 1899-இல் இதை விவரித்தார். பியூட்டிரிக் அமிலத்தையும் நுண்ணுயிரையும் அவர் காரணமாகக் கருதியதால், இது தொற்றுநோய் போல ஓடுவிட்டு ஓடு பரவும் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. டெனன்ட், பேர்டு ஆகிய இருவர் 1985-இல் அந்த வெண்பொடியைச் சோதித்து, அது கால்சியத்தின் அசிட்டேட், ஃபார்மேட் உப்புகளே என்று காட்டினார்கள். மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் எழும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகள் ஈரக்காற்றில் சுண்ணாம்போடு வினைபுரிந்து அந்த உப்புகளாகின்றன. 'பைன் நோய்' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. உண்மையில் நோய் எதுவும் இல்லை.

ஓக் மரம் இதில் மிகக் கொடியது. நம் ஊரில் ஒட்டுப்பலகையும் மரத்தூள் பலகையும் ஆபத்தானவை. அவற்றின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறும். எனவே நன்கு சூடேற்றிய பொடிப்பூச்சுள்ள எஃகு அலமாரி, பாலிஎத்திலீன் பைகள் அல்லது பெட்டிகள், அமிலமற்ற அட்டைத் தட்டுகள் ஆகியவற்றையே பயன்படுத்துங்கள். மர அலமாரியை விட வழியில்லை என்றால், ஓடுகளை மூடிய பாலிஎத்திலீன் பெட்டிக்குள் இட்டு அலமாரியில் வைக்கலாம். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிலையாக இருப்பது நல்லது. கடலோர நகரங்களில் இது எளிதன்று. மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் சூடேற்றித் திரும்பப் பயன்படுத்துவதே சாதாரண வீட்டில் இயலக்கூடியது. ஓரறையைக் குளிரூட்டிப் பகலில் மட்டும் ஓட்டி இரவில் நிறுத்துவது, ஏற்ற இறக்கத்தை உண்டாக்குவதால் பயன் தருவதாகத் தோன்றவில்லை.

வெண்பொடி தோன்றிவிட்டால் அந்த ஓட்டை உடனே பிரித்தெடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பைக் கரைத்து, முழுதும் உலர்த்தி, அமிலமற்ற புதிய இருப்பிடத்தில் வைக்க வேண்டும். போன மெருகு திரும்பாது. பழைய பெட்டியிலேயே திரும்ப வைத்தால் பொடி மறுபடி பூக்கும். அப்படி ஊறவைக்கும்போது ஓட்டில் எழுதிய எண் அழியக்கூடும் என்பதால், முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டையும் அந்தப் பெட்டியின் அமிலம் தாக்கியிருக்கும். அதைத் தனியே ஒரு பாலியஸ்டர் உறையில் இடுங்கள்.

ஒன்பதாம் படி: ஒப்படைத்தல்

தனிமனிதரின் சேகரிப்புக்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயுள் கிடைப்பது அரிது. 1851-இல் தொடங்கி இன்று சென்னை எழும்பூரில் இயங்கும் அரசு அருங்காட்சியகம், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை கடல் உயிரியல் மையம் போன்ற இடங்களைத் தொடர்புகொண்டு, எதை ஏற்பார்கள், எந்த வடிவில் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புதிய இனம் ஒன்றைக் கண்டு விவரித்தால், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு குறித்த காப்பகங்களுக்கு அதைத் தெரிவித்து மாதிரியை அங்கேயே ஒப்படைப்பது கட்டாயம். பெயருக்கு ஆதாரமாக நிற்கும் அந்த முதன்மை மாதிரியை வீட்டில் வைத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை.

ஓடுகளை ஒப்படைக்கும் நாளில், மண்ணும் மீன் செதிலும் ஒட்டிக்கிடந்தாலும், உங்கள் களக்குறிப்பேட்டையும் கூடவே கொடுத்துவிடுங்கள். சீட்டில் இடமில்லாமல் விட்ட அலையின் நிலை, படகோட்டி சொன்ன திசை, அன்று வலையில் வேறு என்னென்ன வந்தன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.